கட்டளை கையில் இருக்கு, பிள்ளை யாரிடம்?

"எனக்குப் பாதுகாப்புக் கட்டளை கிடைச்சிட்டுது. இனி அவர் பிள்ளையைப் பாக்கவே ஏலாது, என்ன?"

நீதிமன்ற வாசலில் ஒரு அக்கா கேட்டார். கையில் மூன்றாக மடித்த தாள். அதே கிழமை ஒரு தம்பி, கிட்டத்தட்ட சண்டைக்கு வருகிற குரலில் கேட்டார்: "கட்டளை அவவுக்குத்தானே? என்ர பிள்ளையைப் பாக்க ஆர் என்னை மறிக்கிறது?"

இருவருக்கும் நான் சொன்னது ஒன்றுதான். தாளைத் தாங்கோ, வாசிச்சுப் பாப்பம்.

நான் சட்டத்தரணி இல்லை. விண்ணப்பம் எழுதிக் கொடுக்க, தவணைக்குக் கூடப் போக என்று சில வருடங்களாக இலங்கையின் வன்னிக்குள் ஓடித் திரிகிறவள். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். வீட்டில் அடி உதை என்று பிரிந்து வந்த பிறகு, நீதிமன்றம் தருகிற அந்தத் தாள் பிள்ளையின் விஷயத்தில் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்ற ஒரே கேள்விதான் இங்கே.

முதலில் தாளைப் பற்றி. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம் தருவது பாதுகாப்புக் கட்டளை. அடிப்பது, காயப்படுத்துவது, கொல்லுவன் வெட்டுவன் என்று வெருட்டுவது மட்டுமல்ல, தொடர்ந்து கேவலப்படுத்தி மனத்தை உடைக்கிற பாரதூரமான நடத்தையும் அந்தச் சட்டத்தில் வன்முறைதான். கேட்கிறவர் மனைவியாக இருக்கலாம், முன்னாள் மனைவியாக இருக்கலாம், பதியாமல் சேர்ந்து வாழ்ந்தவராகவும் இருக்கலாம். போர்க்காலத்தில் அவசர அவசரமாகத் தாலி கட்டி, பதிவை இண்டைக்கு நாளைக்கு என்று விட்டவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். "கலியாண எழுத்து இல்லை, எனக்குத் தருவாங்களோ" என்று தயங்கத் தேவையில்லை. முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே சட்டம்தான். விவாகரத்துக்கும், பராமரிப்புக் காசான தாபரிப்புக்கும் காதி நீதிமன்றம் போகிறவர்கள்கூட, பாதுகாப்புக்கு நீதவானிடம் வரலாம்.

எந்த நீதிமன்றம் என்பதில் ஒரு வசதி உண்டு. சம்பவம் நடந்த இடம், எதிர்மனுதாரர், அதாவது யாருக்கு எதிராகக் கட்டளை கேட்கிறோமோ அவர், இருக்கிற இடம், பாதிக்கப்பட்டவர் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ இருக்கிற இடம், இதில் எதுவும் சரி. புதுக்குடியிருப்பில் வாழ்க்கைப்பட்டவர் பிள்ளையோடு நெளுக்குளத்துத் தாய்வீட்டுக்கு வந்துவிட்டால், வவுனியாவிலேயே விண்ணப்பிக்கலாம். திரும்ப அந்த ஊருக்கே பஸ் ஏறி, அங்கே அவருடைய ஆட்கள் நிற்கிற வாசலில் காவல் இருக்க வேண்டியதில்லை.

சத்தியக்கடதாசியோடு போனால், அவசரம் என்று நீதவானுக்குப் படுகிற இடத்தில், மற்றவரைக் கேட்க முதலே இடைக்காலக் கட்டளை கிடைக்கும். அதன் பிறகு 14 நாட்களுக்குள் விசாரணைத் தவணை. முழுக் கட்டளை அதிகபட்சம் 12 மாதம். மீறினால் 10,000 ரூபாய் வரை தண்டம், ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். பத்தாயிரம் இன்றைக்கு என்ன காசு என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் சிறை என்ற சொல்லுக்கு இன்னும் பெறுமதி இருக்கிறது.

இனி பிள்ளைக்கு வருவோம்.

ஒரு வளவைச் சுற்றி வேலி அடைக்கிறோம். வேலி, யார் உள்ளே வரக்கூடாது என்று சொல்லும். வளவு யாருக்குச் சொந்தம் என்பதைக் காணி உறுதிதான் சொல்லும். பாதுகாப்புக் கட்டளை அந்த வேலி மாதிரி. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று தீர்மானிக்கிற கட்டுக்காப்பு வழக்கு வேறு, அது மாவட்ட நீதிமன்றத்தில் நடப்பது. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைப்பதில்தான் முக்கால்வாசிப் பிரச்சினை தொடங்குகிறது.

ஆனால் வேலியும் பிள்ளையைத் தொடும். நீதவான் விரும்பினால் கட்டளையிலேயே, பிள்ளையின் நன்மையைப் பார்த்து, தகப்பன் பிள்ளையோடு தொடர்பு வைப்பதைத் தடுக்கலாம், அல்லது நிபந்தனை போட்டு விடலாம். வீட்டுக்குள் வரக்கூடாது, தாயின் வேலைத்தலத்துக்கு வரக்கூடாது, பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது என்றும் எழுதலாம். பிள்ளைக்கே அடி விழுந்திருந்தால் பிள்ளையின் பெயரிலேயே தாய் விண்ணப்பிக்கலாம். இவை எல்லாம் எழுதலாம் என்ற அதிகாரம். உங்களுடைய தாளில் எழுதியிருக்கிறதா என்பது வேறு கதை. அந்த அக்காவின் தாளில் பிள்ளையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் அடித்ததை எல்லாம் விபரமாக எழுதியிருந்தார், முதலாம் ஆண்டு படிக்கிற மகள் எந்தப் பள்ளிக்கூடம் என்றுகூட எழுதவில்லை. கேட்காததைத் தானாக யோசித்துத் தர நீதிமன்றத்துக்கு நேரம் இருப்பதில்லை. ஒரு காலையில் எத்தனை வழக்குக் கூப்பிடுகிறார்கள் என்று பின்வாங்கில் இருந்து பார்த்தால் தெரியும்.

ஆகவே அந்தத் தம்பி சொன்னதிலும் கொஞ்சம் சரி இருந்தது. தாளில் பிள்ளையைப் பற்றி எதுவும் இல்லை என்றால், தகப்பனுக்குப் பிள்ளையைப் பார்க்கச் சட்டப்படி தடை இல்லை. ஆனால் எப்படிப் பார்ப்பார்? பிள்ளை இருப்பது தாயின் வீட்டில். அந்த வீட்டு வாசலுக்கு வரக்கூடாது. தாயோடு போன் கதைக்கக்கூடாது. வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பினாலும் அது தொடர்புதான். "பிள்ளையைக் கேக்கத்தான் எடுத்தனான்" என்பது நீதவானிடம் எடுபடாது. உரிமை இருக்கிறது, போகிற பாதை அடைபட்டிருக்கிறது. அப்பாதையை யாரோ ஒருவர் நீதிமன்றத்தில் கேட்டுத் திறக்க வேண்டும். அவராகவே வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தால் குற்றம்.

இன்னொரு பக்கம் பாருங்கள். இதைத்தான் நான் ஆகலும் கண்டிருக்கிறேன், ஆகலும் கோபப்பட்டும் இருக்கிறேன். கட்டுக்காப்புக் கட்டளை எதுவும் இல்லாத நிலையில் தகப்பன் பிள்ளையை மாலை வகுப்பு வாசலில் வைத்து ஏற்றிக்கொண்டு மன்னார்ப் பக்கம் அப்பம்மா வீட்டுக்குப் போய்விடுகிறார். தாய் அழுதுகொண்டு பொலிசுக்குப் போனால், "அவரும் தகப்பன்தானே அம்மா, நாங்கள் என்ன செய்யிறது" என்று முறைப்பாட்டை எழுதி அனுப்பிவிடுவார்கள். கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் பாதுகாப்புக் கட்டளையில் பிள்ளை இல்லை, கட்டுக்காப்புத் தீர்ப்பும் இல்லை என்றால் அவர்கள் கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு மாவட்ட நீதிமன்றம், அல்லது மாகாண மேல் நீதிமன்றத்தில், பிள்ளையைக் கொண்டுவந்து முன்னிலைப்படுத்தக் கேட்கிற ஆட்கொணர்வு மனு என்று நீண்ட வழி. அதற்கிடையில் பிள்ளை புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, புது இடத்துக்குப் பழகி, "இப்ப இஞ்சதானே இருக்குது, ஏன் குழப்புவான்" என்ற நிலை வந்துவிடும்.

அதனால் பாதுகாப்புக் கட்டளை கேட்கிற அன்றே பிள்ளையைப் பற்றியும் கேளுங்கள் என்று சொல்கிறேன். பிள்ளை யாரோடு இருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடம், எந்த மாலை வகுப்பு, எந்த வழியால் போய் வருகிறது, யார் கூட்டிப் போவது. சந்திப்பை முழுவதும் நிறுத்தக் கேட்கிறீர்களா, யாராவது பக்கத்தில் இருக்கச் சந்திக்கக் கேட்கிறீர்களா. அடி தாய்க்கு விழுந்தது, பிள்ளைக்கு விழவில்லை என்றால் நீதவான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் யோசிப்பார். அதற்காக, தாய்க்கு அடி விழுவதைப் பாயில் படுத்திருந்து கேட்ட பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளை படுக்கையில் மூத்திரம் போகத் தொடங்கியதை, மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போவதை, வகுப்பாசிரியர் சொன்னதை எழுதுங்கள். பெரிய வார்த்தைகளைவிட இவைதான் வாசிக்கிறவர் மனதில் நிற்கும்.

மாவட்ட நீதிமன்றத்தில் என்ன நடக்கும்? எங்கள் நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களின் கட்டுக்காப்புக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். அதில் திருமண வாழ்க்கை நிலைக்கும் வரை தகப்பன்தான் இயல்பான பாதுகாவலர், அவருக்கு முன்னுரிமை. 1950களின் தீர்ப்புகளில் அந்த முன்னுரிமை பலமாக இருந்தது. பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து என்று காட்டினால்தான் அதை அசைக்கலாம். பிறகு வந்த தீர்ப்புகள் மெல்ல மெல்லப் பிள்ளையின் நலனை மேலே கொண்டு வந்தன. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்துக்காக வந்த 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, பிள்ளை சம்பந்தப்பட்ட எல்லா விடயத்திலும் பிள்ளையின் நலனே மேலானது என்று நீதிமன்றங்களையும் சேர்த்தே சொல்கிறது. ஊரில் மட்டும் இன்னும், "ஆம்பிளைப் பிள்ளை தகப்பனுக்கு, பொம்பிளைப் பிள்ளை தாய்க்கு" என்று பங்கு பிரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். மாடு கண்டு பிரிக்கிற கணக்கு அது. இந்தச் சட்டத்தில் அப்படி இல்லை.

அந்த நலனைத் தேடுகிற நீதிபதிக்கு முன்னால் உங்கள் பாதுகாப்புக் கட்டளை ஒரு சான்று. பலமான சான்றா, மெலிந்த சான்றா என்பது அது எப்படி வந்தது என்பதில் இருக்கிறது. சாட்சி கேட்டு, வைத்திய அறிக்கை பார்த்து, விசாரித்துக் கொடுத்த கட்டளைக்குப் பாரம் கூட. எதிர்மனுதாரர் "எனக்கு ஆட்சேபனை இல்லை" என்று சொன்னதால் விசாரணை இல்லாமலே வந்த கட்டளை என்றால், மாவட்ட நீதிமன்றத்தில் அவருடைய சட்டத்தரணி, "என்ன நடந்தது என்று அங்கே நிரூபிக்கப்படவில்லையே" என்று தொடங்குவார். ஆகவே கட்டளை கிடைத்துவிட்டது என்று மருந்துத் துண்டையும், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியையும் எறிந்துவிட வேண்டாம். ஒரு பைலுக்குள் போட்டு வையுங்கள். கூரை ஒழுகாத பக்கமாக.

தகப்பன் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. கட்டளை வந்துவிட்டது என்பதாலேயே பிள்ளையை இழந்துவிட்டீர்கள் என்று இல்லை. ஆனால் அந்த 12 மாதமும் நீங்கள் எப்படி நடந்தீர்கள் என்பதை அடுத்த நீதிமன்றம் பார்க்கும். உளவளத்துணைக்குப் போகச் சொல்லி நீதவான் எழுதியிருந்தால் போங்கள். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்த வேண்டாம், அவர் எழுதுகிற அறிக்கை மேசைக்குப் போகிறது. பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்ற ஆத்திரத்தில் தாபரிப்புக் காசை நிறுத்துவதுதான் நான் காணுகிற பெரிய மடைத்தனம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தில் வருகிற கடமை பிள்ளையின் வயிற்றுக்கானது. சந்திப்புக்குக் கட்டுகிற கூலி அல்ல. அதேபோல, காசு தரவில்லை என்பதற்காக நீதிமன்றம் அனுமதித்த சந்திப்பைத் தாய் மறிக்கவும் ஏலாது. கூலி வேலை, வயல் வேலை என்று மாதச் சம்பளம் இல்லாதவர்கள் "காலபோகம் வெட்டினாப் பிறகு மொத்தமாத் தாறன்" என்று சொல்வது வழக்கம். பிள்ளை மாதாமாதம் சாப்பிடுகிறது என்பதுதான் நீதிமன்றத்தின் பதில்.

சரி, சந்திப்புக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று வைப்போம். சிக்கல் முழுவதும் இனிமேல்தான், பிள்ளை கை மாறுகிற அந்த ஐந்து நிமிடத்தில்.

மாங்குளம் சந்தியில் ஒரு சனிக்கிழமை கண்டது. ஏ9 வீதியோரம், தேத்தண்ணிக் கடைக்கு முன்னால். மாவட்ட நீதிமன்றக் கட்டளையில் "சனிக்கிழமைகளில் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை" என்று இருந்தது. நீதவானின் கட்டளையில் தாயை நெருங்கக்கூடாது என்று இருந்தது. யார் கொண்டுவந்து கொடுப்பது, யார் வாங்குவது என்று இரண்டிலும் இல்லை. தாய் வீதியின் மற்றப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் மாதிரி நின்றார். தகப்பன் இந்தப் பக்கம். நடுவில் ஏழு வயதுப் பெடியன், தோளில் தண்ணிப் போத்தல், காலில் இடம் வலம் மாறிப்போட்ட செருப்பு. யாழ்ப்பாணத்துக்குப் போகிற பஸ் ஒன்று விரைந்து கடந்தது. பிள்ளை தனியாக ஏ9 வீதியைக் கடந்தது. இரண்டு பெற்றோரும் சட்டத்தை மீறவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர்தான் கத்திக்கொண்டு ஓடிப்போய் கையைப் பிடித்தார்.

அடுத்த தவணையில் ஒரு வரி சேர்க்கக் கேட்டார்கள். அம்மம்மா கொண்டுவந்து சித்தப்பாவிடம் கொடுப்பது, கடைக்கு உள்ளே. அவ்வளவுதான். கை மாற்ற இன்ன ஆள், இன்ன இடம், பிந்தினால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைத் தாளிலேயே எழுதுவிக்கலாம். சந்தேகம் கூடிய இடங்களில் நீதிமன்ற வளாகத்திலோ, நன்னடத்தை அலுவலகத்திலோ உத்தியோகத்தர் முன்னால் சந்திக்க வைக்கக் கேட்கலாம். வைகாசியில் வருகிற வற்றாப்பளைக் கோயில் பொங்கல், தீபாவளி, பிறந்தநாள் எல்லாம் சண்டை வருகிற நாட்கள். வைகாசி வந்தபிறகு அடிபடுவதை விட முன்கூட்டியே கேட்டு எழுதி வைப்பது நல்லது. வீடியோ அழைப்பு என்றால் எந்தப் போனில், எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார். தாயின் போனிலேயே எடுத்தால் "பிள்ளையோடு கதைக்கிறேன்" என்று தொடங்கி எங்கே முடியும் என்று உங்களுக்கும் தெரியும்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. தாயே இரங்கிவிடுவது. "பிள்ளை அப்பா அப்பா எண்டு அழுது, வந்து பாத்திட்டுப் போங்கோ" என்று அவரே கூப்பிட்டுவிடுகிறார். கட்டளை கட்டுவது எதிர்மனுதாரரை. மனைவி கூப்பிட்டார் என்பதால் அது தளர்ந்துவிடாது, உள்ளே வந்தால் மீறியவர் அவர்தான். அதோடு, "பயம் எண்டு சொன்னவ, பிறகு தானே கூப்பிட்டவ" என்ற கேள்வி தாய்க்கும் பிறகு வரும். மனம் மாறியிருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீதிமன்றத்துக்குப் போய்க் கட்டளையை மாற்றக் கேட்கலாம், அதற்கு வழி இருக்கிறது. கட்டளையை வைத்துக்கொண்டே ஒளித்துச் சந்திப்பதுதான் இருவருக்கும் ஆபத்து.

இரண்டு நீதிமன்றம் என்பதால், ஒன்றுக்கு மற்றது தெரியும் என்று நம்ப வேண்டாம். நீதவானிடம் போகும்போது மாவட்ட நீதிமன்றக் கட்டளையின் பிரதி, மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும்போது பாதுகாப்புக் கட்டளையின் பிரதி. மறைத்துவிட்டுப் பிறகு பிடிபட்டால் பெயர் கெடும்.

இதைச் சொல்லும்போது ஒருவர் கட்டாயம், "மெல்பேர்னில இருக்கிற அக்கா வேற மாதிரிச் சொன்னவ" என்பார். சொன்னது சரியாகத்தான் இருக்கும், ஆனால் அது அங்கத்தைய சட்டம். அவுஸ்திரேலியாவில் வன்முறைக் கட்டளை மாநில நீதிமன்றத்தில், பிள்ளை பற்றிய கட்டளை 1975ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்தில். இரண்டும் முரண்பட்டால், முரண்படுகிற அளவுக்குக் குடும்ப நீதிமன்றக் கட்டளைதான் மேல். அதே நேரம், வன்முறைக் கட்டளை போடுகிற மாநில நீதவான் அந்தப் பிள்ளைக் கட்டளையை மாற்றவோ இடைநிறுத்தவோ முடியும். பெற்றோர் இருவருக்கும் சமபொறுப்பு என்று தொடக்கத்திலேயே அனுமானிக்கிற விதியை 2024 மே 6 முதல் எடுத்துவிட்டார்கள். பிரிந்த குடும்பத்தில் ஒருவர் அங்கே, ஒருவர் கிளிநொச்சியில் என்றால் இது தெரிந்திருக்கத்தான் வேண்டும். இரண்டு பேரும் முழங்காவிலில் இருந்தால் மெல்பேர்ன் அக்காவின் ஆலோசனை உதவாது.

வீட்டைப் பற்றியும் கேட்பார்கள், ஏனென்றால் பிள்ளை எங்கே இருக்கும் என்பது வீட்டில் தொங்குகிறது. சீதன வீடு என்றால் பெரும்பாலும் மனைவியின் பெயரில் இருக்கும். ஆனால் வன்னியில் பாதிப் பேருக்கு அரச காணி, பெர்மிட் தகப்பனின் பெயரில். "என்ர பெர்மிட் காணி, நீ வெளிய போ" என்று விரட்டுவது அதனால்தான். பாதுகாப்புக் கட்டளை காணியின் சொந்தக்காரரை மாற்றாது. ஆனால் சொந்தக்காரராகவே இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று நீதவான் தடுக்கலாம், வீட்டை விற்றுத் தாயையும் பிள்ளையையும் நடுத்தெருவில் விடுவதையும் தடுக்கலாம். தாயே வெளியேறியிருந்தால், பிள்ளையின் புத்தகப்பையும் பிறப்புச் சான்றிதழும் எடுக்கப் பொலிஸ் கூட வரவேண்டும் என்று கேட்டு எழுதுவிக்கலாம். பிறப்புச் சான்றிதழை மறக்க வேண்டாம். வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்க முதல் கேட்பது அதைத்தான்.

உதவிக்கு யாரிடம் போவது? பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார்கள். காசு இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929, இப்போதே அடி விழுகிறது என்றால் 119. பொலிசில் "சமாதானமாப் போங்கோ" என்று அனுப்பினாலும் பாதுகாப்புக் கட்டளைக்கு நேரே நீதவான் நீதிமன்றம் போகலாம். பொலிசின் சம்மதம் தேவையில்லை.

பள்ளிக்கூட அதிபரிடம் ஒரு போட்டோ கொப்பி கொடுக்க மறக்க வேண்டாம். தகப்பன் வாசலில் வந்து நிற்கும்போது அதிபர் எந்தச் சட்டத்தையும் யோசிக்க மாட்டார், மேசையில் தாள் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். தாளில் பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தால் உடனே போன் எடுப்பார். இல்லையென்றால் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, பிள்ளையைக் கூப்பிட்டு விடுவார். அவரைக் குறை சொல்ல ஏலாது.

முதலில் சொன்ன அக்கா பிறகு மனு மாற்றி, மகளின் பெயரும் பள்ளிக்கூடமும் சேர்த்து வாங்கினார். தாளை லமினேட் பண்ணப் போனவரை நான்தான் மறித்தேன், பின்பக்கத்தில் முத்திரை வைக்க இடம் வேண்டும் என்று. இப்போது அது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. அவருடைய வீட்டுச் சுவரில் கடைக்காரர் கொடுத்த முருகன் கலண்டர் தொங்குகிறது. கட்டளை முடிகிற திகதியில் சிவப்பு வட்டம். அதற்கு ஒரு மாதம் முந்திய திகதியில் இன்னொரு வட்டம், நீடிக்கக் கேட்கப் போக வேண்டிய நாள். அந்த இரண்டாவது வட்டத்துக்குப் பக்கத்தில் மகள் பென்சிலால் ஒரு பஸ் கீறி வைத்திருக்கிறாள்.